சந்தை நாளில் ஒரு பைண்ட்

இங்கிலாந்துக்குப் போய்வந்த நம்மவர்கள் அங்கத்திய பப்பைப் பற்றிச் சொல்லும் புகார் பெரும்பாலும் இதுதான்: "பீர் வெதுவெதுன்னு இருக்கு. கேஸும் இல்ல." எதிர்பார்த்தது லாகர் என்றால் புகார் நியாயம்தான். உதடு மரத்துப்போகும் குளிரில், சுர்ரென்று தொண்டையில் இறங்குகிற பீர்தான் நமக்குப் பழக்கம். ஆனால் அவர்கள் கைக்கு வந்தது ரியல் ஏல். அதைக் குடிக்கிற விதமும் வேறு, அது நன்றாகக் கிடைக்கிற இடத்தைக் கண்டுபிடிக்கிற விதமும் வேறு. குடிப்பழக்கம் இல்லாதவர்களும் மேலே படிக்கலாம். பப்பின் பாதி சுகம் கோப்பைக்கு வெளியேதான் இருக்கிறது.

முதலில் பீப்பாயைப் பார்த்துவிடுவோம். மால்ட் என்கிற முளைகட்டி உலர்த்திய பார்லி, தண்ணீர், கசப்பும் மணமும் தருகிற ஹாப்ஸ், நுரைக்க வைக்கிற ஈஸ்ட். பொதுவாக பீருக்குச் சரக்கு இதுதான். கடையில் கிடைக்கும் பீரில் பெரும்பாலானவற்றை ஆலையிலேயே வடிகட்டி, ஈஸ்ட்டை நீக்கி, வாயுவை ஏற்றி அடைத்துவிடுகிறார்கள். ஆலையை விட்டு வெளியே வரும்போதே அதன் வேலை முடிந்துவிட்டது. ரியல் ஏல் அப்படியல்ல. ஈஸ்ட் உயிரோடு இருக்கும்போதே பீப்பாயில் ஊற்றி அனுப்பிவிடுவார்கள். பப்பின் நிலவறையில் வந்து இறங்கிய பிறகும் அது உள்ளே புளித்துக்கொண்டே இருக்கும். அதிலுள்ள மெல்லிய நுரைப்பு அதுவே உண்டாக்கிக்கொண்டது. வெளியிலிருந்து யாரும் ஏற்றியதல்ல. காலையில் இறக்கிய கள்ளுக்கும் மாலைக் கள்ளுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தவர்களுக்கு இதைப் புரியவைக்கச் சிரமப்பட வேண்டியதில்லை. கள் மணிக்கணக்கில் மாறும், ஏல் நாள் கணக்கில் மாறும். அவ்வளவுதான்.

ஆகவே ஏலில் பாதியைச் செய்கிறவர் பப் நடத்துகிறவர். பீப்பாய் வந்ததும் அதைத் தாங்கியின் மேல் கிடைமட்டமாகப் படுக்கவைத்து, ஆடாமல் அசையாமல் விட்டுவிடுவார். மேல்பக்கத்து அடைப்பில் காற்றுப் புகக்கூடிய மென்மையான மர முளை ஒன்றை அடித்து, தேங்கிய வாயு மெல்ல வெளியேற வழிவிடுவார். பொங்கல் அடங்கியதும் அதை எடுத்துவிட்டு, கெட்டியான முளையை அடித்து மூடுவார். ஒரு நாள், இரண்டு நாள் போனால் ஈஸ்ட் அடியில் படிந்து மேலே தெளியும். தெளிந்தாலே தயார் என்று அர்த்தமில்லை. அவர் குடித்துப் பார்த்து, "இன்னும் ஒரு நாள் கிடக்கட்டும்" என்று சொல்வதும் உண்டு. நிலவறையின் குளிர் 11 முதல் 13 டிகிரி வரை. 'வெதுவெது' என்று நம்மவர் சொன்னது இந்தக் குளிரைத்தான். அதற்குக் கீழே போனால் நாக்கு மரத்துப் பாதி ருசி தெரியாமல் போய்விடும்.

சைவர்கள் கவனிக்க ஒரு சங்கதி: ஈஸ்ட்டை அடியில் படியவைக்கப் பழைய வழக்கப்படி சேர்ப்பது மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஒரு பொருள். அது பெரும்பாலும் வண்டலோடு அடியில் தங்கிவிடும். ஆனால் மனசு ஒப்பாதவர்கள் கேட்டுவிட்டே வாங்கலாம். அதைச் சேர்க்காமல் கொஞ்சம் கலங்கலாகவே விற்கும் ஏல்கள் இப்போது நிறைய வருகின்றன. கேட்பதில் வெட்கப்பட ஏதுமில்லை, பப்காரர்களுக்கு இது பழகிய கேள்வி.

இனி ஒரு சின்னக் கணக்கு. பப்புகளில் அதிகம் புழங்கும் பீப்பாய் 9 காலன் கொள்ளும், அதாவது 72 பைண்ட். ஒரு பைண்ட் 568 மில்லி. குழாய் திறந்துவிட்டால், பீர் குறையக் குறைய அந்த இடத்தில் காற்று புகும். மூன்று நாள் நன்றாக இருக்கும். பிறகு மணம் மங்கி, ருசி தட்டையாகி, கடைசியில் காடியின் வாடை வந்துவிடும். மூன்று நாளில் 72 பைண்ட் என்றால் ஒரு பீப்பாய்க்கு நாளொன்றுக்கு 24 பைண்ட் விற்றாக வேண்டும். பீப்பாய்க்கு ஒன்றாகக் கவுண்டரில் பத்துக் கைப்பம்பு வரிசையாக நின்றால், அந்த வீட்டில் ஒரு நாளைக்கு 240 பைண்ட் ஏல் போக வேண்டும். உள்ளே நாலு பேர் உட்கார்ந்திருக்கிற பப்பில் பத்துப் பம்பைக் கண்டால், அவற்றில் பாதி பழசு என்று யாரும் சொல்லாமலே தெரிந்துகொள்ளலாம். கண்ணுக்கு விருந்தாக இருக்கிறதே என்று உட்கார்ந்துவிடாதீர்கள். மூன்றே பம்பு, முப்பது பேர்: அந்தக் கதவைத் தள்ளுங்கள். ஏல் விஷயத்தில் எனக்குத் தெரிந்த முக்கியமான விதி இதுதான்.

சந்தை ஊருக்குப் போங்கள், அதுவும் சந்தை நாளில் போங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணமும் இதுதான். அன்றைக்குப் பீப்பாய்க்குப் பழசாக நேரமே இருக்காது.

எந்த ஊர் என்றால், கென்ட் மாவட்டத்து ஃபேவர்ஷம். லண்டனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். செவ்வாய், வெள்ளி, சனியில் சந்தை கூடும். 1086-ல் மன்னர் முதலாம் வில்லியம் எடுத்த நிலக் கணக்கான டூம்ஸ்டே புத்தகத்திலேயே இந்த ஊர்ச் சந்தை இடம்பெற்றிருக்கிறது. சந்தைத் திடலின் நடுவில் கில்ட்ஹால் என்ற பழைய மண்டபம் மரத்தூண்கள் மேல் நிற்கிறது. 1574-ல் கட்டியது; மேல்தளத்தைப் பின்னால் மாற்றிக் கட்டினார்கள். அந்தத் தூண்களுக்கு நடுவிலும் சுற்றிலும்தான் காய்கறி, மீன், ரொட்டி, பூந்தொட்டிக் கடைகள். அங்கிருந்து கோர்ட் ஸ்ட்ரீட்டில் நடந்தால் ஷெப்பர்ட் நீம் ஆலை. 1698-ஐத் தன் தொடக்க ஆண்டாகச் சொல்லிக்கொள்ளும், நாட்டிலேயே பழமையான பீர் ஆலை என்று பெயர் பெற்ற இடம். காய்ச்சும் நாளில் வேகும் தானியத்தின் வாடை தெருவெங்கும் நிற்கும். தண்ணீர், ஆலைக்குக் கீழே சுண்ணாம்புப் பாறையில் தோண்டிய கிணற்றிலிருந்து வருகிறது. ஹாப்ஸுக்கும் தூரம் போக வேண்டாம். ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ் என்ற பேர்போன ரகம் இந்தப் பக்கத்துத் தோட்டங்களுடையது. முன்பெல்லாம் அறுவடைக் காலத்தில் லண்டனின் கிழக்குப் பகுதி ஏழைக் குடும்பங்கள் பிள்ளைகுட்டிகளோடு இங்கே ஹாப்ஸ் பறிக்க வந்து வாரக்கணக்கில் தங்கும். அவர்களுக்கு அதுவே கூலி, அதுவே கோடை விடுமுறை. இயந்திரம் வந்ததும் அது நின்றுபோனது. இன்றைக்கும் இந்தப் பக்கத்துப் பப்புகளின் உத்தரத்தில் காய்ந்த ஹாப்ஸ் கொடி தொங்குவதைப் பார்க்கலாம். அலங்காரம்தான், ஆனால் பக்கத்துத் தோட்டத்து அலங்காரம்.

சந்தைக்கும் பப்புக்கும் சட்டத்திலேயே ஒரு சம்பந்தம் இருந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில், தொழிலாளிகள் குடித்துவிட்டு வேலையைக் கெடுக்கிறார்கள் என்று பப்புகளை மதியத்தில் மூடவைத்தார்கள். போர் முடிந்தும் அந்தக் கட்டுப்பாடு இங்கிலாந்தில் 1988 வரை நீடித்தது. ஆனால் சந்தை ஊர்களில் சந்தை நாளன்று மட்டும் பல பப்புகளுக்கு விலக்கு இருந்தது. மாடு விற்க வந்தவரும் மூட்டை இறக்க வந்தவரும் பேரம் முடிந்து தொண்டையை நனைக்க வேண்டாமா? அந்தக் கெடுபிடி காலத்தில் மதியம் மூன்று மணிக்குச் சட்டப்படி ஒரு பைண்ட் வேண்டுமென்றால், எந்த ஊரில் இன்றைக்குச் சந்தை என்று தெரிந்து வைத்திருந்தால் போதும்.

ஃபேவர்ஷம் சந்தைத் திடலைப் பார்த்தபடி பேர் இன் என்று ஒரு பப். பதினாறாம் நூற்றாண்டுக் கட்டடம், முகப்பு மட்டும் விக்டோரியா காலத்தது. உள்ளே போனதும் கோப்பையைத் தேடாமல் சுவர்களைப் பாருங்கள். பக்கவாட்டில் ஒரு நடை. அதிலிருந்து தனித்தனியாகப் பிரியும் மூன்று அறைகள். ஒரு காலத்தில் பல பப்புகள் இப்படித்தான் இருந்தன. சேற்றுப் பூட்ஸோடு வருகிறவருக்கு வெறும் பலகைத் தரை போட்ட பப்ளிக் பார், கோட்டு போட்டவருக்குக் கம்பளம் விரித்த சலூன் பார். அதே பீர்தான், சலூனில் விலை மட்டும் கொஞ்சம் கூடுதல். யார் கண்ணிலும் படாமல் குடிக்க விரும்புகிறவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, ஸ்னக் என்ற சின்ன அறை. வர்க்கபேதத்தைச் செங்கல்லில் கட்டி வைத்திருந்தார்கள் என்றே சொல்லலாம். 1960-களுக்குப் பிறகு பெரும்பாலான பப்புகளில் சுவரை இடித்து ஒரே கூடமாக்கிவிட்டார்கள். பேதம் போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் சின்ன அறையில் பேச்சு காதில் விழும், பெரிய கூடத்தில் இரைச்சல்தான் விழும். சுவர் மிஞ்சியிருக்கிற பப் கிடைத்தால் விடாதீர்கள்.

கவுண்டருக்கு வருவோம். இங்கே மேசைக்கு வந்து யாரும் ஆர்டர் கேட்க மாட்டார்கள், நாமே போய் வாங்கிக்கொள்ள வேண்டும். வரிசை இருக்கும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. ஆட்கள் கவுண்டர் நெடுக நிற்பார்கள். யாருக்குப் பின் யார் வந்தார் என்பது உள்ளே நிற்பவருக்கும் தெரியும், நிற்கிறவர்களுக்கும் தெரியும். முறை தப்பி உங்களிடம் கேட்டால், பக்கத்தில் நிற்பவரைக் காட்டி "இவர் முதலில் வந்தார்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்தில் உங்களுக்குப் பாதி உள்ளூர்க்காரர் அந்தஸ்து கிடைத்துவிடும். ரூபாய் நோட்டை ஆட்டிக் கூப்பிடுகிற பழக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

ஒவ்வொரு கைப்பம்பின் மேலும் ஒரு பட்டயம் இருக்கும். ஏலின் பெயர், ஆலை, ஆல்கஹால் சதவீதம் மூன்றும் அதில் உண்டு. பட்டயத்தைத் திருப்பி வைத்திருந்தால் அந்தப் பீப்பாய் தீர்ந்துவிட்டது, அல்லது இன்னும் தயாராகவில்லை. இந்த ஊரில் அதிகமாகக் கண்ணில் படுவது ஷெப்பர்ட் நீம் ஆலையின் மாஸ்டர் ப்ரூ. நான்கு சதவீதத்துக்குக் கீழே, செம்புநிறம், கசப்பு தூக்கலான உள்ளூர் ஏல். ஸ்பிட்ஃபயர், பிரிட்டன் வான்போரின் ஐம்பதாம் ஆண்டை ஒட்டி 1990-ல் வந்தது. பிஷப்ஸ் ஃபிங்கர் கொஞ்சம் பலமானது. கேன்டர்பரிக்கு யாத்திரை போகிறவர்களுக்கு வழிகாட்டிய விரல்வடிவக் கைகாட்டி மரத்தின் பெயர் அதற்கு. ஐபிஏ என்று ஒரு பட்டயமும் எங்காவது இருக்கும். கல்கத்தாவிலும் பம்பாயிலும் நம் மதராஸிலும் இருந்த வெள்ளைக்காரர்களுக்காகக் கப்பலேறிய, ஹாப்ஸ் தூக்கலாகப் போட்ட வெளிர் ஏலின் வம்சம் அது. பெயர்தான் அதே, இன்று பல ஐபிஏக்கள் கப்பல் பயணத்தைத் தாங்குகிற அளவு பலமானவை அல்ல.

எது வேண்டும் என்று தெரியாவிட்டால் கேளுங்கள், சின்னக் கோப்பையில் ஒரு வாய் ஊற்றித் தருவார்கள், காசில்லை. கூட்ட நேரத்தில் ஐந்தாறு ருசி கேட்டுப் பின்னால் நிற்பவரைச் சோதிக்காதீர்கள். முதல் முறை போகிறவருக்கு நான் அரை பைண்டைத்தான் சொல்வேன். அரை பைண்ட் வாங்கினால் கௌரவக் குறைச்சல் என்பதெல்லாம் பழங்கதை. மூன்றில் ஒரு பங்கு பைண்டும் சட்டப்படி அளவுதான், சில பப்புகளில் மூன்று ஏலை மூன்று குட்டிக் கோப்பைகளில் பலகையில் வைத்துத் தருவார்கள்.

இனி ஊற்றுவதைப் பாருங்கள், கைபேசியைப் பார்க்காதீர்கள். கோப்பையைச் சாய்த்துக் குழாய் முனைக்குக் கொண்டுபோய், நீண்ட கைப்பிடியை ஒரே நிதானத்தில் இழுப்பார். ஜோசப் பிராமா என்ற பொறியாளர் 1797-ல் செம்மைப்படுத்திய கருவி இது. இன்றும் அதே தத்துவம்தான். வாயு தள்ளுவதில்லை, கை இழுக்கிறது. முழங்கை பின்னால் போகப் போக நிலவறையிலிருந்து பீர் மேலே ஏறும். முதலில் கோப்பை முழுக்கப் பால் கலந்த டீ நிறத்தில் கொந்தளிக்கும். இரண்டாம் இழுப்பில் அடியிலிருந்து தெளிய ஆரம்பிக்கும், செம்பு நிறம் ஒரு கோடாகத் தெரிந்து மேலே மேலே ஏறும். மூன்றாவதாக ஒரு சின்ன இழுப்பு. விளிம்புக்குக் கீழே ஒரு மெல்லிய நுரைப் படலம் தங்கும். அவசரக்காரர் படபடவென்று இழுத்தால் நுரை வழியும், பீர் குறையும். வடக்கே யார்க்‌ஷயர் பக்கம் போனால் குழாய் முனையில் சிறு துளைகள் போட்ட மூடி ஒன்றை மாட்டி, கெட்டியான வெண்ணெய் நுரையாக எடுப்பார்கள். தெற்கே அது பீரைக் கெடுப்பது என்பார்கள். வடக்கத்தியர்களோ நுரையில்லாத பீர் செத்த பீர் என்பார்கள். இந்தச் சண்டை முடியாது, நீங்கள் போய்த் தலையிடவும் வேண்டாம். நுரை அதிகமாகி அளவு குறைந்தால் "கொஞ்சம் மேலே ஊற்றித் தர முடியுமா" என்று கேட்பது உரிமை, யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

வாங்கியவுடன் பணம். டிப்ஸ் வழக்கமில்லை. மனசுக்குப் பிடித்தால், "உங்களுக்கும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் அவர் ஒரு சிறு தொகையைச் சேர்த்துக்கொள்வார். நண்பர்களோடு போனால் ஒருவர் முறைக்கு ஒருவர் எல்லோருக்கும் வாங்க வேண்டும். தன் முறை வரும்போது கழிவறைப் பக்கம் நழுவுகிறவர் பெயர் அந்த ஊரில் வருஷக்கணக்கில் நிலைக்கும்.

குடிக்கும்போது? முதலில் வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். கலங்கலாகவே விற்கும் ஏல் இல்லையென்றால் கண்ணாடி போலத் தெளிவாக இருக்க வேண்டும். பிறகு மூக்கு: பிஸ்கட், கருகாத சர்க்கரைப் பாகு, காய்ந்த புல், கொஞ்சம் ஆரஞ்சுத் தோல், இப்படி ஏதாவது வரும். வராவிட்டாலும் பாதகமில்லை, இரண்டு நிமிடம் விடுங்கள், குளிர் விட விட மணம் எழும். பெரிய வாயாக ஒன்று குடியுங்கள். ஒயின் போல உறிஞ்சிப் பார்ப்பதில் இதற்குப் பிரயோஜனமில்லை, ஹாப்ஸின் கசப்பு முழுதாகத் தெரிவது விழுங்கும்போதுதான். முதலில் மால்ட்டின் இனிப்பு, விழுங்கிய பிறகு கசப்பு, அந்தக் கசப்பே இன்னொரு வாய் கேட்க வைக்கும். நல்ல ஏலின் அடையாளம் இந்த இழுப்புதான், முதல் வாயில் அசத்துவது அல்ல. குடிக்கக் குடிக்கக் கோப்பையின் உட்புறத்தில் நுரை வளையம் வளையமாக ஒட்டினால் கோப்பையைச் சுத்தமாகக் கழுவியிருக்கிறார்கள்.

காடி வாடையோ, தூக்கலான வெண்ணெய் மிட்டாய் வாடையோ அடித்தால், அல்லது பீர் செத்துக் கிடந்தால், எடுத்துக்கொண்டு கவுண்டருக்குப் போங்கள். இரண்டு வாய் குடித்தவுடனே போக வேண்டும்; முக்கால் கோப்பையைக் காலிசெய்துவிட்டுப் போனால் யார் நம்புவார்கள்? "இது சரியாக இல்லையோ என்று தோன்றுகிறது" என்று குரலை உயர்த்தாமல் சொன்னால் போதும். நல்ல பப்காரர் தானே ஒரு வாய் பார்த்து, மாற்றிக் கொடுத்து, பட்டயத்தையும் திருப்பிவிடுவார். வாதாடுகிறவரின் பப்புக்கு மறுபடி போகாதீர்கள்.

இவ்வளவும் இன்று கிடைப்பதற்கு ஒரு போராட்டம் காரணம் என்பதையும் சொல்ல வேண்டும். 1960-களில் பெரிய ஆலைகள் நிலவறை வேலை, மர முளை, மூன்று நாள் கெடு எல்லாம் தொந்தரவு என்று வாயு ஏற்றிய கெக் பீருக்கு மாறிக்கொண்டிருந்தன. 1971-ல் அயர்லாந்துக்கு விடுமுறைக்குப் போன நான்கு இங்கிலாந்து இளைஞர்கள், ஒரு பப்பில் உட்கார்ந்து இதைப் பற்றிப் புலம்பி, புலம்பலோடு நிற்காமல் ஓர் இயக்கத்தைத் தொடங்கினார்கள். அதுதான் காம்ரா. ரியல் ஏல் என்ற பெயரைப் பரப்பியதும் அவர்கள், எந்த ஊரில் எந்தப் பப்பில் பீர் ஒழுங்காக இருக்கிறது என்று வருஷாவருஷம் புத்தகம் போடுவதும் அவர்கள். வாடிக்கையாளர்கள் ஒன்றுகூடி ஒரு பானத்தைக் காப்பாற்றியது பெரிய காரியம்தான். அவர்களில் சிலர் கெக் பீரைக் கண்டாலே தீட்டுப் பட்டது போலப் பேசுவதை மட்டும் நான் சீரியஸாக எடுத்துக்கொள்வதில்லை.

குடிக்காதவருக்கு என்ன இருக்கிறது? ஆப்பிள் ஜூஸ், காபி, ஆல்கஹால் இல்லாத பீர், எதை வாங்கினாலும் நாற்காலி உங்களுடையது. பகலில் பெரும்பாலான பப்புகளில் பெரியவர்களோடு குழந்தைகளும் வரலாம், நாயும் வரும். ரொட்டி, தடித்த பாலாடைக்கட்டித் துண்டு, ஊறவைத்த வெங்காயம் சேர்ந்த ப்ளவ்மன்ஸ் லஞ்ச் சந்தை மதியத்துக்குப் பொருத்தம். உழவர் சாப்பாடு என்று பேர். ஆனால் அதை நாடெங்கும் பிரபலப்படுத்தியது 1950-60-களில் பாலாடைக்கட்டி விற்க நினைத்தவர்களின் விளம்பரம்தான்.

பேச்சுக்கும் ஒரு இடவிதி உண்டு. கவுண்டர் ஓரம் நிற்பவர் பேசத் தயார் என்று அர்த்தம், மூலை மேசையில் பத்திரிகையோடு இருப்பவரை விட்டுவிடுங்கள். வானிலையில் ஆரம்பிக்கலாம், நாயில் ஆரம்பிக்கலாம். சம்பளம், சாதி, எத்தனை பிள்ளை என்று நம் ரயில் சிநேகத்தைத் தொடங்கும் கேள்விகள் இங்கே எடுபடா. ஒரு மணி நேரம் சிரித்துப் பேசிவிட்டுப் பெயரைக் கேட்காமலே எழுந்து போவார்கள், அதில் அவமரியாதை எதுவும் இல்லை. எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1946-ல் தன் மனசுக்குப் பிடித்த பப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் பீரைவிட இந்தப் பேச்சுச் சூழலுக்குத்தான் முதலிடம். கடைசியில் அப்படி ஒரு பப்பே கிடையாது என்று ஒப்புக்கொண்டார். அவர் கேட்ட பத்துக் குணங்களும் ஒரே பப்பில் அமைவது கஷ்டம்தான். ஆறேழு அமைந்த பப்புகள் சந்தை ஊர்களில் இன்னும் இருக்கின்றன.

ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் வெள்ளிக்கிழமை போங்கள். சனிக்கிழமைக் கூட்டத்தில் சின்ன அறையில் இடம் கிடைப்பது சிரமம். காலையில் சந்தையைச் சுற்றிவிட்டு, கடைக்காரர்கள் கட்டிப் பூட்டத் தொடங்கும் மதியத்தில் உள்ளே நுழையுங்கள், அவர்களும் வருவார்கள். முதலில் அரை பைண்ட் மாஸ்டர் ப்ரூ, பிடித்திருந்தால் இன்னொரு அரை. குடித்த கோப்பையைக் கவுண்டரில் கொண்டுபோய் வைத்துவிடுங்கள், அங்கே அது மரியாதை. காரை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், லண்டனுக்கு ரயில் இருக்கிறது.